மகுடம் நிட்ஸ் கடையின் மரியாதைப் பொத்தான்

காசு கேட்பதில் உலகத்துக்கே மரியாதை கற்றுக்கொடுத்த ஊர் ஒன்று உண்டென்றால் அது திருப்பூர்தான். அந்தக் கல்விக்கு ஒரு பல்கலைக்கழகம் உண்டென்றால் அது வேலம்பாளையத்தில், 'மகுடம் நிட்ஸ்' என்ற பனியன் கம்பெனியின் பெயர்ப்பலகையின் கீழ் நடந்துவருகிறது. அதன் துணைவேந்தர், பதிவாளர், ஒரே பேராசிரியர் எல்லாமே அதன் முதலாளி மகுடேஸ்வரன்தான்.

மற்ற ஊர்க்காரர்கள் பணம் வேண்டுமென்றால் பணம் கொடு என்று கேட்கிறார்கள். மகுடேஸ்வரன் அப்படிக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. முதலில் சாப்பிட்டீர்களா என்பார். பிறகு மழையை விசாரிப்பார். குண்டடத்தில் இருக்கும் தன் தென்னந்தோப்பில் வண்டு விழுந்த கதையைச் சொல்வார். கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தக் கணக்கு ஒண்ணு இருந்துச்சுங்க. அவசரமில்லீங்க, அடுத்த வாரங்கூடப் பாத்துக்கலாமுங்க" என்பார். கேட்ட மனிதர் கூசிப்போய் மறுநாள் காலையில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். கொடுக்காவிட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

தான் பணம் கொடுக்கவேண்டிய இடத்தில் அவருடைய மரியாதை இன்னும் ஒரு படி கூடும். டீயும் வரும்.

இப்பேர்ப்பட்டவர் இணையத்தில் கடை திறந்ததற்குக் காரணம் ஒரு மான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று போன வருடம் கிறிஸ்துமஸுக்காகக் குழந்தைகளின் இரவு உடை கேட்டிருந்தது. நெஞ்சில் சிவப்பு மூக்கு வைத்த மான் படம். துணி எடுத்து, தைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி முடித்தபின், 'தற்போதைய வணிகச் சூழலை முன்னிட்டு' வேண்டாம் என்று ஒரு மெயில் வந்தது. கிடங்கு முழுக்க மான். நூல் வந்தால் வைக்க இடமில்லை. எலிகள்கூடத் தயங்கித்தான் உள்ளே போயின.

மானைத் தைத்துக் கொடுத்தவர் சகாயராஜ். தூத்துக்குடியிலிருந்து டெய்லராக வந்து, பக்கத்துத் தெருவில் ஒரு ஷெட்டைப் பிடித்து, சில மெஷின்களை வைத்து, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறவர். மானுக்கான தையல் கூலி அவருக்கு இன்னும் வரவில்லை. சனிக்கிழமைதோறும் மகுடேஸ்வரனின் அலுவலகத்துக்கு வந்து மூலை நாற்காலியில் உட்காருவார். டீ குடிப்பார். தென்னந்தோப்பின் நலம் கேட்டுக்கொள்வார். "மானு விக்கட்டுமுங்க, மொதக் காசு உங்களுக்குத்தான்" என்ற உறுதிமொழியை வாங்கிக்கொண்டு போவார். தீபாவளிக்குள் வந்துவிட்டால் போதும் என்று மாதாவை வேண்டிக்கொண்டிருந்தார். கூலி கொடுக்காமல் டெய்லரைத் தீபாவளிக்கு ஊருக்கு அனுப்பினால், திரும்பி வரும்போது அவன் வேறு கம்பெனி வாசலில்தான் பெட்டியோடு இறங்குவான். டெய்லர் இல்லாத ஷெட்டில் சகாயராஜ் வாடகை மட்டும்தான் தைக்க முடியும்.

கிறிஸ்துமஸ் மானைத் தீபாவளிக்கு எப்படி விற்பது என்று கேட்டார், கம்பெனியின் நிதித்துறையும் மகுடேஸ்வரனின் மனைவியுமான இந்துமதி.

"வள்ளியே மான் வயித்துல பொறந்தவதானே" என்றார் மகுடேஸ்வரன். "முருகனுக்கு ஆகுற மானு, சனத்துக்கு ஆகாதா?"

அத்துடன் கடை திறந்தது. சனமும் வந்தது. மானைப் பார்த்தது, கூடையில் போட்டது, பணம் கட்டும் பக்கம் வரை வந்தது, அங்கிருந்து ஓடிப்போனது. தினமும் இதே கதை. கூடை நிறைய மான், பெட்டியில் காசில்லை.

இதை ஆராய 'உயர்மட்டக் கூட்டம்' ஒன்று கூட்டப்பட்டது. மேசைக்கு இந்தப் பக்கம் மகுடேஸ்வரன், இந்துமதி. அந்தப் பக்கம், கடையை வடிவமைத்த கோயம்புத்தூர் இளைஞன் சதீஷ்குமார். அவனுடைய பில்லும் மரியாதையாக நிலுவையில் இருந்தது. அன்று சனிக்கிழமை என்பதால் மூலையில் சகாயராஜ்.

"ஏனுங்ணா, நம்ம கடையில கார்டு மட்டுந்தான் இருக்குதுங்ணா" என்றான் சதீஷ்குமார். "இன்னிக்கு எல்லாரும் போன்லயே வாலட் வச்சிருக்காங்க. மொபைல் வாலட்டச் சேத்துட்டா ஒரே தட்டு, காசு உள்ள வந்துரும். பக்கமும் தயாரா இருக்குதுங்ணா, பாருங்க."

மகுடேஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். திரையில் ஒரு தொகை. அதன் கீழே தடித்த எழுத்தில் 'இப்போதே பணம் செலுத்தவும்'. அவர் முகம் சுருங்கியது.

"என்ன தம்பி இது? ஊட்டுக்கு வந்த ஒறம்பரைகிட்ட வாசல்லயே கைய நீட்டுற மாதிரி இருக்குது."

"அது செக்அவுட்டுங்ணா. எல்லாக் கடையிலயும் அப்படித்தான்."

"அதனாலதான் சனம் ஓடுது. மொதல்ல சாப்டீங்களான்னு கேளு."

"செக்அவுட்லயா?"

"பின்ன எங்க கேப்பே? அப்பறம் ஏனுங்க, சௌகரியப்பட்டா இப்பக் குடுங்கன்னு ஒரு பொத்தான். அதத் தட்டுனா வாலட்டு தொறக்கோணும். பக்கத்துலயே அவசரமில்லீங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்கன்னு இன்னொரு பொத்தான்."

சதீஷ்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அந்த ரெண்டாவது பொத்தானத் தட்டுனா என்னங்ணா ஆகோணும்?"

"அத யாரு தட்டுவாங்க? அது மரியாதைக்கு வெக்கறது. அதப் பாத்ததும் மனுசனுக்குக் கூச்சம் வந்து மொதப் பொத்தானத் தட்டிருவான்."

"ஒருவேள யாராச்சும் தட்டிட்டா?"

"ஆர்டர எடுத்துக்கோ. இல்லீன்னா அது வெறும் வாய் மரியாதை ஆயிருமல்ல."

இந்துமதி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மகுடேஸ்வரன் அவருக்கும் டீ சொன்னார். சதீஷ்குமார் தன் பில்லை நினைவூட்டினான். அவனுக்குக் கிடைத்த பதிலை வாசகர்களே ஊகித்திருப்பார்கள். அதற்குப்பின் அவன் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்துவைத்தான். வேலையில் இவ்வளவு சிரத்தை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் மடிக்கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டு, வாலட் இயக்கிவைக்கப்பட்டது. சோதனைக்காகச் சதீஷ்குமார் தன் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பினான். வந்தது. இந்துமதி கைதட்டினார். அதன்பின் வந்த ஆர்டர்களைப் பார்க்க எல்லோருக்கும் கண் போதவில்லை. சென்னையிலிருந்து வந்தது. சேலத்திலிருந்து வந்தது. மொழி புரியாத ஊர்களிலிருந்தும் வந்தது. எந்தப் பொத்தானைத் தட்டவேண்டும் என்பது மட்டும் அவர்களுக்கு எப்படியோ புரிந்திருந்தது. பேக்கிங் பெண்கள் சாப்பாட்டு நேரத்திலும் மானை மடித்தார்கள். கூரியர் வண்டி இரண்டு நடை வந்தது. தீபாவளிக்கு முன்பே கிடங்கின் பின்சுவர் தெரிந்தது.

தொழில்முனைவோர் சங்கம் மகுடேஸ்வரனைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தியது. 'வாலட் யுகத்தில் வணிகம்' என்ற தலைப்பில் அவர் உரையாற்றினார். தொழில்நுட்பம் என்பது மெஷினில் இல்லை, மனிதனை மதிப்பதில் இருக்கிறது என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசை முதலாளிகள் நால்வர் சதீஷ்குமாரின் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் இந்துமதி காபியோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, வாலட்டப் பாத்தேனுங்க."

"எவ்வளவு இருக்குது?"

"ஒரு ரூவா."

மகுடேஸ்வரன் சதீஷ்குமாரைப் போனில் பிடித்தார். "தம்பி, வாலட்டுல ஒரு ரூவாதான் இருக்குதாம்."

"ஆமாங்ணா. அது நானு சோதனைக்குப் போட்டது. சௌகரியப்பட்டா திருப்பி அனுப்பிச்சுருங்ணா."

"மத்த காசெல்லாம் எங்கப்பா?"

"எல்லாரும் ரெண்டாவது பொத்தானத் தட்டீருக்காங்கங்ணா."

"எல்லாருமா?"

"ஒருத்தரு மட்டும் மொதப் பொத்தானத் தட்டுனாரு. ஒடனே போன் போட்டு, தெரியாம கை பட்டுருச்சுன்னு சொல்லித் திருப்பி வாங்கிட்டாரு."

சொல்லப்பட்ட 'அடுத்த வாரம்' வரும்வரை மகுடேஸ்வரன் கண்ணியமாகக் காத்திருந்தார். வாரம் வந்தது. காசு வரவில்லை. அன்று சனிக்கிழமை. சகாயராஜ் தம் நாற்காலியில் இருந்தார். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் டெய்லர்கள் ஷெட்டில் பையைக் கட்டி வைத்துவிட்டு அவருக்காகக் காத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களைத் தானே அழைத்துப் பேசுவது என்று மகுடேஸ்வரன் முடிவு செய்தார். முதலில் சென்னையில் ஒரு பெண்மணி.

"வணக்கமுங்க. மகுடம் நிட்ஸுங்க. சாப்டீங்களா?"

"ஆச்சு சார். நீங்க சாப்டீங்களா?"

"ஆச்சுங்க. அங்க மழையெல்லாம் எப்படீங்க?"

"தெருவெல்லாம் தண்ணி சார்."

"கொழந்தைக்கு அளவு சரியா இருந்துச்சுங்களா?"

"ரொம்ப சரியா இருந்தது. ரெண்டு தடவ துவைச்சாச்சு, மான் அப்படியே இருக்கு."

"சந்தோசமுங்க." மகுடேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "அந்தக் கணக்கு ஒண்ணு இருந்துச்சுங்க. அவசரமில்லீங்க."

"தெரியுமே சார். உங்க கடையில எனக்குப் பிடிச்சதே அதுதான். எங்க அபார்ட்மெண்ட்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். தங்கச்சி பொண்ணுக்கு இன்னொரு செட் அனுப்பறீங்களா?"

அடுத்து அவர் அழைத்த வாடிக்கையாளர்களும் இதே பண்போடு பேசினார்கள். ஒருவர் வண்டு விழுந்த கதையைக் கேட்டுவிட்டுத் தென்னந்தோப்பைப் பற்றிக்கூட விசாரித்தார். மத்தியானத்துக்குள் மகுடேஸ்வரனின் குரல் கம்மிப்போனது. போனை மேசைமேல் வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, சுற்றி வளைக்காமல் பேசினார்.

"பொருள வாங்கிப் போட்டுட்டு, காசும் குடுக்காம, இவ்வளவு நைச்சியமாப் பேசறதுக்கு மனுசனுக்கு எப்புடீங்க மனசு வருது? கை நோகத் தெச்சவன் ஒருத்தன் இருக்கான்னு நெனப்பு வேண்டாமா?"

அதை அவர் சகாயராஜைப் பார்த்துத்தான் கேட்டார். சகாயராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்கும் அதாம் புரியல மொதலாளி" என்றார்.

"வாங்க, போலீசுக்குப் போலாம். ஆரம்பத்துல இருந்து இதே நாற்காலியில உக்காந்து எல்லாத்தையும் பாத்தவரு நீங்கதான். சாட்சி சொல்லோணும்."

காவல் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் தமிழ்மதி இருந்தார். மகுடேஸ்வரன் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார். வாலட், பொத்தான், மான் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, தமிழ்மதி பேனாவை எடுத்தார்.

"நான் புரிஞ்சுக்கிட்டத எழுதறேன். சரியான்னு பாருங்க. பொருளை வாங்கியிருக்காங்க. வாங்குனத ஒத்துக்கறாங்க. காசு மட்டும் தர்றதில்ல. கேட்டா நல்லாப் பேசி அனுப்பிடறாங்க."

"ரொம்பச் சரிங்க மேடம்."

"இதை என்னன்னு எழுதறது? பணம் குடுக்கத் தாமதம்னு எழுதட்டுமா?"

"தாமதமா? திருட்டுங்க மேடம். பச்சத் திருட்டு. திருட்டுன்னே எழுதுங்க."

"எழுதியாச்சு. சாட்சி யாரு?"

மகுடேஸ்வரன் சகாயராஜை முன்னால் தள்ளினார்.

"இவர் சொன்னதெல்லாம் உண்மையா?" என்று கேட்டார் தமிழ்மதி.

"ஒரு வார்த்த பொய் கெடையாது மேடம்."

"பொருள் போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சு மேடம். நானே வண்டியில கொண்டுபோயி எறக்குனேன்."

"காசு?"

"வரல மேடம்."

"கேட்டீங்களா?"

"சனிக்கெழம தவறாம கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எப்ப இருந்து?"

"போன வருசம் எங்க ஊரு மாதா கோயில் திருவிழாவுல இருந்து."

மகுடேஸ்வரன் அவர் தோளைத் தொட்டார். "ஏனுங்க, வாலட்டு வந்தே இன்னும் மாசம் முடியல. யோசிச்சுச் சொல்லுங்க."

"அது ஒங்க கணக்கு மொதலாளி. மேடம் எங்கிட்ட கேட்டாவ, நான் என் கணக்கச் சொன்னேன்."

தமிழ்மதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதிய காகிதத்தை மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை நிதானமாகப் படித்தார்.

"சார், இதுல ஒரு எழுத்துகூட அடிக்க வேண்டியதில்ல" என்றார். "புகார் குடுக்கறவர் எடத்துல யாரு கையெழுத்துப் போடறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."