மார்வா கடைக்குப் பதினோரு கம்பம்

செயின்ட் ஜார்ஜ், பார்படாஸ்
9 அக்டோபர் 1996, புதன்கிழமை

என் அன்புத் தங்கை வெல்டாவுக்கு, உன் ஒரே அண்ணன் கார்லைல் எழுதிக்கொள்வது.

லீட்ஸில் நீயும் பிள்ளைகளும் குளிருக்குப் போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் தலையிலிருந்து இடுப்பு வரைக்கும், முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் சௌக்கியம். இடையில் விட்டுப்போன பகுதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ போனில் கேட்டபோதெல்லாம் லேசான பிடிப்பு என்று சொல்லி மழுப்பினேன். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு இடுப்பு போனது என்றால் கேட்பவர்களும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள், அப்படியே விட்டுவிடலாம் என்று பார்த்தேன். உண்மை அது இல்லை. என் இடுப்பை உடைத்தது ஒரு டொமினோக் காய். பிஸ்கட்டை விடச் சின்னது. ஜூன் முதல் சனிக்கிழமை, மார்வா கடை வாசல், அதே மேசை. எதிரே என் ஜோடி கிராண்ட்லி, தச்சன், இருபத்திரண்டு வருஷமாக எனக்கு எதிரே அவன் முகம்தான். இந்தப் பக்கம் சீலி, அந்தப் பக்கம் டார்ன்லி. ஐந்து ஆட்டம் வரிசையாக ஜெயித்தாயிற்று, ஆறாவதும் ஜெயித்தால் அவர்கள் இரண்டு பேரும் ஒரு வருஷத்துக்கு வெளியே தலை காட்ட முடியாது, என் கையில் கடைசிக் காய். கடைசிக் காயை நம் ஊரில் யாரும் வைப்பதில்லை என்று உனக்குத் தெரியும், வைக்கிறது குழந்தைகள் வேலை. எழுந்து நின்றேன், கையைத் தலைக்கு மேலே ஓங்கினேன், ஒரு சுற்றுச் சுற்றினேன் (அந்தச் சுற்று தேவையில்லாதது, ஒத்துக்கொள்கிறேன்), அடித்தேன். காய் மேசை மேல் விழுந்தது, நான் மேசைக்குக் கீழே விழுந்தேன். "ஆறுக்குப் பூஜ்யம்" என்று கத்துவதற்காகத் திறந்த வாயிலிருந்து "ஐயோ அம்மா" என்று வந்தது.

அதையும் நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள். கிராண்ட்லி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "எந்திரிடா, போதும், ஜெயிச்சது எங்களுக்கும் தெரியும்" என்றான். சீலி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நான் தரையில் கிடந்து அவர்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெல்டா. சிரிப்பு அடங்கி, என் முகம் வெளுத்திருப்பதை மார்வா பார்த்துச் சொன்ன பிறகுதான் தூக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக ரொட்டி வண்டிதான் கிடைத்தது. ரொட்டிகளுக்கு நடுவே நீட்டிப் படுத்துக்கொண்டு, கதவை மூடுவதற்கு முன்னால் நான் சொன்னேன்: "நான் என் சொந்தக் கால்ல நடந்து இந்தக் கடைக்கு வர்ற வரைக்கும், உங்கள்ல ஒருத்தன் காலும் என் கேட்டைத் தாண்டக் கூடாது." நம் அப்பாவின் வாய் எனக்கு அப்படியே வந்திருக்கிறது என்று நீதானே சொல்வாய்.

மறுநாளே மூன்று பேரும் வந்து நிற்பார்கள் என்று நினைத்தேன். எழுந்து நிற்க முடிந்ததும் முதல் வேலையாக நாலு கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். இன்றைக்கு நாலு மாசம் ஆகிறது. ஒருத்தன் காலும் தாண்டவில்லை. கிளாஸ்களை வாரத்துக்கு ஒருமுறை தூசிக்காகக் கழுவுகிறேன்.

அரசு மருத்துவமனையில் எனக்கு உடற்பயிற்சி சொல்லித்தர மிஸ் கிட்டன்ஸ் என்று ஒரு பெண்ணை ஒதுக்கினார்கள். வயது இருபத்தாறு இருக்கும், பேச்சு தலைமையாசிரியை. முதல் நாள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "மிஸ்டர் கடோகன், வலி பத்துக்கு எவ்வளவு?" என்றாள். பதினொண்ணு என்றேன். எழுதிக்கொள்ளவில்லை.

"சரி, இடுப்பு நல்லாகிட்டா என்ன செய்யணும்னு ஆசை? சிலர் தோட்ட வேலைம்பாங்க, சிலர் பேரப்பிள்ளையத் தூக்கணும்பாங்க."

"டொமினோ ஆடணும்."

"உக்காந்துதானே?"

"நின்னு. அடிக்கணும்."

இதை எழுதிக்கொண்டாள். "அப்போ முதல்ல ஒழுங்கா படுக்கக் கத்துக்கலாம்" என்றாள்.

அறுபத்தேழு வயதில் படுக்கக் கற்றுக்கொண்டேன். தரையில் மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்க வேண்டும், ஐந்து எண்ணி இறக்க வேண்டும். அப்புறம் நாலு காலில் நின்று பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி முதுகை வளைக்க வேண்டும். வலிக்கும், ஆனால் வலித்தால் உடைகிறது என்று அர்த்தம் இல்லை, பயந்து அசையாமல் கிடந்தால்தான் கெடும் என்று அவள் கணக்கு. இதை நான் கூடத்தில் செய்துகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு இஸ்மே அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அவள் பார்க்காத ஜன்னல் எது. இவள் போய்ச் சர்ச்சில், கார்லைல் கடோகன் தினமும் காலையில் முழங்காலில் விழுந்து தலையைத் தரையில் வைத்து மன்றாடுகிறான் என்று சொல்லிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பிரசங்கமே என்னைப் பற்றித்தானாம், இருபது வருஷம் கழித்து ஓர் ஆடு திரும்பி வந்தது என்று. மறுநாள் ஆறு பெண்கள் வந்து வாசலில் பாடினார்கள். நான் அப்போது இடுப்பைத் தூக்கி மூன்று எண்ணியிருந்தேன், இறக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. நாலு பாட்டு, முழுசாகக் கேட்டேன். சனிக்கிழமை தவறாமல் என் கேட்டில் ஒரு பொட்டலம் தொங்குவதும் இவர்கள் வேலையாகத்தான் இருக்க வேண்டும். கிழங்குப் புட்டும் ஊறவைத்த பன்றிக்கறியும், நல்ல கைப்பக்குவம். காரம் மட்டும் தூக்கல். சர்ச்சுக்குப் போகிறவர்கள் கையில் இவ்வளவு காரத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பாவம், அவர்களாவது நினைக்கிறார்களே என்று முதல் தடவை சாப்பிடும்போது கண் கலங்கிவிட்டது, காரமும் ஒரு காரணம்.

அடுத்தது நடை. என் கேட்டிலிருந்து மார்வா கடைக்குப் பதினோரு விளக்குக் கம்பம். வாரத்துக்கு ஒரு கம்பம் கூட்டு, அதற்கு மேல் ஆசைப்படாதே என்று மிஸ் கிட்டன்ஸ் உத்தரவு. முப்பத்தோரு வருஷம் தீவு முழுக்கச் சுற்றினவன், ஒரு கம்பம் வரைக்கும் போய், அதைத் தொட்டுவிட்டு, திரும்பி வந்து, வேர்வையைத் துடைத்துக்கொள்கிறேன். நான் ஓட்டின அதே பஸ் என்னைத் தாண்டிப் போகிறது, புதுப் பையன் ஹாரன் அடிக்கிறான், ஏறிக்கொள்கிறேனா என்று. மூன்றாவது வாரம் ஒருநாள் இடுப்பே இல்லாத மாதிரி லேசாக இருந்தது. சும்மா இருப்பேனா, ஆறு கம்பம் நடந்துவிட்டேன். வருகிறபோது ஒவ்வொரு கம்பத்தையும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன், மூன்று நாள் படுக்கை. "வலிக்கிற அன்னிக்கு எனக்கு உங்களைப் பத்திக் கவலை இல்ல, மிஸ்டர் கடோகன். நல்லா இருக்குன்னு தோணுற அன்னிக்குத்தான் நீங்க ஆபத்தான ஆளு" என்றாள் மிஸ் கிட்டன்ஸ். மறுபடி ரெண்டாவது கம்பத்திலிருந்து ஆரம்பம்.

இப்போது சொல்லப்போவதை நீ பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டாதே. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கிற பயிற்சி ஒன்று உண்டு, மணிக்குப் பத்துத் தடவை. அலுப்பு தாங்கவில்லை. அதனால் சமையலறை மேசையைச் சுற்றி நாலு நாற்காலி போட்டேன். ஏழு ஏழு காயாகப் பிரித்து வைத்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து என் காயைப் போடுவேன், எழுந்து போய் சீலி நாற்காலியில் உட்கார்ந்து அவன் காயைப் போடுவேன், அப்புறம் கிராண்ட்லி, அப்புறம் டார்ன்லி. நாலு ஆட்டம் ஆடினால் நூறு தடவை உட்கார்ந்து எழுந்தாயிற்று. முதலில் பேசாமல்தான் ஆடினேன். பேசாமல் என்ன டொமினோ. சீலி நாற்காலியில் உட்கார்ந்தால் சீலி மாதிரி மூக்கால், "போடக் காயில்லாம பாஸா, கார்லைலு? பஸ்ஸு பாஸ் இல்லியே இது" என்பேன். கிராண்ட்லி நாற்காலியில் உட்கார்ந்து, "டேய், அவன் மூஞ்சியப் பாக்காத, காயப் பாரு" என்று எதிரே இருக்கிற எனக்குச் சொல்வேன். எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். நாலு கையும் எனக்குத் தெரியும், இருந்தும் பாதி ஆட்டம் தோற்கிறேன் வெல்டா. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அவன் புத்தி வந்துவிடுகிறது. இஸ்மே அம்மாள் வேலிக்கு மேலே எட்டி, "கூட்டமா இருக்கு போல, பரவாயில்ல, எல்லாரும் வராங்களே" என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஆமாம் என்றேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் எந்த நாற்காலியிலும் உட்காராமல் நின்றேன். உன் அண்ணி ஈனிட் இறந்துபோன வருஷம்கூட இந்த வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருந்ததில்லை. அப்போது சாயங்காலம் ஆனால் போவதற்கு மார்வா கடை இருந்தது.

போன மாதம் ஏழாவது கம்பத்துக்கு வந்தேன். அங்கே நின்றால் காய் அடிக்கிற சத்தம் கேட்கும். கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன், மனசு நிறைந்திருக்கும். போன சனிக்கிழமை ஒன்பதாவது. அங்கிருந்து கடை தெரிகிறது. என் நாற்காலியில் ஒரு முதுகு உட்கார்ந்திருந்தது. நல்ல நேரான, அகலமான, ஒரு வலியும் இல்லாத முதுகு. இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து வீடு கட்டியிருக்கிற கிளைட் என்கிறவனாம், இஸ்மே அம்மாள் விசாரித்துச் சொன்னாள். கிராண்ட்லி அவனுக்கு எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் ரெண்டே கம்பம். நான் திரும்பி வந்துவிட்டேன். எதற்காக அந்த ரெண்டு கம்பம்? போய் எங்கே உட்காருவது?

ஆகவே வெல்டா, நாலு வருஷமாக நீ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய், நானும் குளிர் குளிர் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை வந்துவிடுகிறேன். டிக்கெட் எடு. தையல் மிஷின் வைத்திருக்கிற அந்தச் சின்ன அறை எனக்குப் போதும். மிஷினை நகர்த்துவதற்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே. டொமினோவை நான் விட்டுவிட்டேன், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. காய்ப் பெட்டியை இஸ்மே அம்மாள் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுக்கத் தந்துவிடுகிறேன். தபாலை அவளிடம் கொடுத்தால் உனக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள். தபால் பெட்டியோ மார்வா கடைச் சுவரில் இருக்கிறது. புதன்கிழமை பதினோரு மணிக்கு அங்கே ஒருத்தனும் இருக்க மாட்டான். மெதுவாகப் போய்ப் போட்டுவிட்டு, எந்தப் பக்கமும் பார்க்காமல் வந்துவிடுவேன்.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மாமாவின் முத்தம். உங்கள் எல்லோருடைய இடுப்பையும் கடவுள் கடைசி நாள் வரைக்கும் கட்டிக் காப்பாற்றட்டும். வேறு எதைக் கேட்டு ஜெபிப்பது என்று எனக்கு இப்போது தோன்றவில்லை.

இப்படிக்கு,
உன்னிடம் வந்து சேரப்போகும் அண்ணன்,
கார்லைல் கடோகன்

பின்குறிப்பு: டிக்கெட் எடுக்காதே. ஒட்டின உறையைப் பிரித்து, மார்வாவிடம் தாள் வாங்கி, கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றால், பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் எழுதின ஐந்து பக்கம், மனசு வரவில்லை.

மழைக்கு வேலை நின்றுபோய் எல்லோரும் இங்கேதான் இருந்திருக்கிறார்கள். பதினோராவது கம்பத்துக்கு வந்தபோது காய் அடிக்கிற சத்தம், உடனே ஒரு ஆம்பளைக் குரல், "ஐயோ அம்மா" என்று. எட்டிப் பார்த்தால் அந்த கிளைட், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எனக்குப் பகீர் என்றது, இன்னொருத்தனா என்று. பார்த்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். கிராண்ட்லி மட்டும் சிரிக்காமல், "இது கார்லைலே இல்ல. அடிக்கிறதுக்கு முன்னால ஒரு சுத்து உண்டு, அத விட்டுட்டீங்களே" என்கிறான். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கடைசிக் காயை அடித்துவிட்டு என்னை மாதிரிக் கத்த வேண்டுமாம். நாலு மாசமாக இந்தக் கூத்து நடக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கோபத்திலேயே நின்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது, நாலு மாசத்தில் ஒருநாள்கூட என் பேரைச் சொல்லாமல் இவர்கள் காய் அடித்ததில்லை.

கிராண்ட்லி என்னைப் பார்த்தான். முகத்தை இல்லை, காலைப் பார்த்தான்.

"நடந்தா வந்த?"

"பின்னே?"

"பதினோரு கம்பமும்?"

"பதினோரு கம்பமும்."

"அப்போ இனிமே உன் கேட்டத் தாண்டலாமா?"

தாண்டலாம் என்று தலையாட்டினேன். கிளைட் நகர்ந்து நாற்காலியைத் துடைத்து விட்டான், நல்ல மனுஷன். மார்வா ஒரு கிளாஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான் கட்டிக் குடுத்த சனிக்கிழமைப் பொட்டலத்துல காரம் அதிகமா இருந்துச்சா? கேட்டுலயே மாட்டிட்டு ஓடியாந்துடுறாரு இந்த கிராண்ட்லி, சாப்பிட்டீங்களான்னுகூட கேட்டுட்டு வரத் தெரியல" என்றாள். கிராண்ட்லி குனிந்து காய்களை அடுக்கிக்கொண்டிருந்தான். காரம் சரியாக இருந்தது என்றேன்.

ஒரு ஆட்டம் ஆடினோம். கடைசிக் காய் என் கையில் வந்தது. முதுகை நேராக வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே, மெதுவாக வைத்தேன். "என்னடா, முட்டையா வைக்கிற?" என்றான் கிராண்ட்லி. நின்று அடிக்க மிஸ் கிட்டன்ஸ் டிசம்பரில்தான் அனுமதிப்பாள் என்று சொன்னேன்.

சமையலறையில் நான் அவர்கள் குரலில் ஆடின கதையை இங்கே மூச்சு விடவில்லை. நீயும் யாரிடமும் சொல்லாதே. இன்றைக்கு நாலு மணிக்கு மூன்று பேரும் என் வீட்டுக்கு வருகிறார்களாம். மேசை மேல் நாலு கையும் விரித்தபடி ஆட்டம் பாதியில் கிடக்கிறது, சீலி ஜெயிக்கிற நிலைமையில். அவர்கள் வருவதற்குள் போய்க் கலைத்துவிட வேண்டும்.