நாலு நிமிஷப் படமும் முந்நூறு வசதிகளும்

படத்தில் இருந்தவர் வாயைத் திறந்து மூடிய பிறகுதான் அவருடைய குரல் வந்தது. அரை நொடி தாமதம், அவ்வளவுதான். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் நிதானம் கவனித்துவிட்டார். சனி பிடித்தது அங்கேதான்.

லிஃப்ட் கம்பெனி ஒன்றில் பயிற்சிப் பிரிவு எழுத்தர் அவர். எதையும் ஆற அமரச் செய்வதால் அலுவலகம் வைத்த பெயர் நிதானம். லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் நாலு நிமிஷப் படத்தை அன்று பதினோரு மணிக்கு எம்.டி.க்கு ஓட்டிக் காட்ட வேண்டும். படம் பிடித்துப்போனால் காலியாகக் கிடக்கும் பிரிவுத் தலைவர் நாற்காலி அவருக்கு. ஒன்பது வருடக் காத்திருப்பு. மனைவி தன் அக்காவிடம் கிடைத்தேவிட்டது என்று போன வாரமே சொல்லிவிட்டாள். இனிக் கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது.

பத்தே காலுக்கு மைத்துனனுக்குப் போன் போட்டார். கம்ப்யூட்டரில் அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை, அதை வைத்து ஒரு வேலை தேடிக்கொள்வதைத் தவிர.

"எந்த ப்ளேயர்ல ஓட்டுறீங்க அத்தான்?"

"மூணு பட்டன் இருக்குமே, அதுதான்."

"அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான், ஆனா அது சாமியார் கட்சி, கையில ஒண்ணும் வச்சுக்காது. நான் சொல்றது பெரிய குடும்பஸ்தன். அதைப் போடுங்க."

குடும்பஸ்தனுக்கும் காசு கிடையாதாம். உலகெங்கும் உள்ள புண்ணியவான்கள் சும்மா இருக்க முடியாமல் ஆளுக்கொரு வசதியை எழுதிச் சேர்த்து, கணக்கு முந்நூறைத் தாண்டிவிட்டதாம். குரலை முன்னே பின்னே நகர்த்தவே தனி வசதி உண்டாம்.

நிதானம் அதை இறக்கிக்கொண்டார். மெனுவைத் திறந்தால் அதற்குள் ஒரு மெனு, அதற்குள் இன்னொன்று. தட்டுத்தடுமாறிக் குரலை முன்னால் தள்ளினார். தள்ளியது கொஞ்சம் கூடிவிட்டது. லிஃப்டில் மாட்டிக்கொண்ட பெண் கேள்வி கேட்பதற்குள் பதில் வந்தது. அதைப் பின்னால் இழுக்கப் போய் வேறெதையோ இழுத்தார். படம் இரட்டை வேகம் பிடித்தது. "பதற வேண்டாம்" என்று ஒரு குரல் பதறிக்கொண்டு சொன்னது.

மறுபடியும் போன். பழைய மூணு பட்டனுக்கே போய்விடவா என்று கேட்டார். மைத்துனனுக்கு அது தன்மானப் பிரச்சினை.

"அவசரப்படாதீங்க அத்தான். படத்துக்குன்னு ஒரு பக்கம் இருக்கும், நிறைய கட்டம் இருக்கும். அதெல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க."

பார்த்தார். பதினான்கு கட்டங்கள். பதினான்கும் காலி. ஒரே ஒரு கட்டம் விட்டுப்போன படிவத்தைக்கூட முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பியே ஒன்பது வருடம் ஓட்டியவர் அவர். இவ்வளவு அலட்சியமா என்று ப்ளேயரை எழுதியவர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே பதினான்கிலும் அழகாக டிக் போட்டார். கடைசி டிக் விழவும் எம்.டி. உள்ளே வரவும் சரியாக இருந்தது.

படம் ஓடியது. தலைகீழாக ஓடியது. பச்சை முகத்தோடு நாலு பேர் லிஃப்டின் கூரையில் வௌவால் மாதிரி தொங்கினார்கள். காப்பாற்ற வந்தவர் பறந்துகொண்டு கீழ்நோக்கி ஏறினார். எம்.டி.யோடு வந்திருந்த கிளை மேலாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எம்.டி. மட்டும் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு திரைக்குப் பக்கத்தில் போய், ஓரத்தில் இருந்த ப்ளேயரின் பெயரைக் குனிந்து படித்தார்.

"இதையெல்லாம் யாரு டிக் பண்ணது?"

"நான்தான் சார். ஒண்ணு விடாம."

எம்.டி.யின் உதடு துடித்தது. கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எத்தனை நாள் விடுப்பு பாக்கி இருக்கிறது என்று கிளை மேலாளர் மிகுந்த அன்போடு விசாரித்தார். நிதானத்துக்கு மனைவியின் அக்கா முகம் கண் முன்னால் வந்தது. பிறந்ததிலிருந்து ஓடாதவர், காலில் விழுந்தாவது கெஞ்சிவிடலாம் என்று மூன்று மாடிப் படிகளையும் ஓடியே இறங்கினார். கார் கதவருகே எம்.டி.யின் டிரைவர் கையை நீட்டி மறித்தார்.

"இப்ப போகாதீங்க சார், உள்ள தேம்பிட்டிருக்காரு. அந்த ப்ளேயர்ல தலைகீழா காட்டுற கட்டத்தை எழுதிச் சேத்ததே அவருதான். ஏழு வருஷத்துல அதுல டிக் போட்ட மொத ஆளு நீங்கதானாம், உங்க பிரமோஷன் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் அழுறாரு."