ரப்பர் ரிங்கும் மதியத் தூக்கமும்

இனி ஆயுசுக்கும் சுத்தியலைத் தொடுவதில்லை என்று இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஒரு முடிவெடுத்தேன். லேசுப்பட்ட முடிவல்ல. பட்டறையில் கிடந்த சுத்தியல்களைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன். மனசு மாறிவிடக் கூடாதே என்று ஏணியைப் பக்கத்து வீட்டு முருகம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

என் பெயர் அப்துல் ஹலீம். விருதுநகரில் ஆமத்தூர் போகிற ரோட்டில் மரப்பெட்டி அடிக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். சிவகாசியில் அச்சாகிற காலண்டர்கள் என் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் கப்பலேறிப் போகின்றன. நான் மதுரையைத் தாண்டியதில்லை. என் ஆணி சிங்கப்பூர் வரை போயிருக்கிறது.

எனக்கென்று உலகத்தில் உள்ள ஒரே சுகம் மதியத் தூக்கம். பட்டறை மூலையில், பலகை அடுக்குக்குப் பின்னால், பிரஸ்ஸில் வெட்டிப்போட்ட கலர்த் தாள் குவிந்து கிடக்கும். பெட்டிக்குள் அடைக்க வாங்கியது. அதில் சாய்ந்தால் எனக்கு ஒரு கனவு வரும். பெரிய பெட்டி ஒன்றுக்குள் காலண்டர்களோடு நானும் உட்கார்ந்திருப்பேன். பெட்டி கப்பலில் இருக்கும். கப்பல் ஊதும். பலகை இடுக்கில் கடல் தெரியும். வெயில் தண்ணீரில் தாள் துண்டுகளாக மிதக்கும். கல்யாணமான புதிதில் இந்தக் கனவை என் மனைவி குல்சார் பேகத்திடம் ஆசையாகச் சொன்னேன்.

"பெட்டிக்குள்ள இருந்துட்டு உள்பக்கமா எப்பிடி ஆணி அடிச்சீக?" என்று கேட்டாள். அத்தோடு கனவைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

அந்தத் தூக்கத்துக்குக் குல்சாரின் காதுதான் பகை. அவள் அடுப்படிக்கும் என் பட்டறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். சுத்தியல் சத்தம் நின்ற மறுநிமிஷம் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வரும்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"ஆணி எடுக்கேன் புள்ள."

"ஆணியை எடுக்கவா போனீக, செய்யவா போனீக?"

அதனால்தான் ஆணித் துப்பாக்கி வாங்கினேன். காற்றால் இயங்குவது. கம்ப்ரஸர் காற்றை அடைத்துக் கொடுக்கும், குழாய் வழியாக அது துப்பாக்கிக்கு வரும், மூக்கைப் பலகையில் அழுத்தி விசையை இழுத்தால் டக், ஆணி உள்ளே போய்விடும். ஒருநாள் வேலை ஒரு காலையில் முடியும். மிச்சமெல்லாம் தூக்கம். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மதுரைக் கம்பெனியிலிருந்து மகேஷ்குமார் என்ற பையன் அதைக் கொண்டுவந்து விளக்கினான். தினமும் வேலைக்கு முன்னால் காற்று நுழைகிற வாயில் ரெண்டு சொட்டு எண்ணெய் விடணும். சாயங்காலம் கம்ப்ரஸர் டேங்குக்கு அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிக்கணும். ஆணி சிக்கினால் முதலில் குழாயைக் கழற்றணும், பிறகுதான் கை வைக்கணும். துப்பாக்கியிலுள்ள ரப்பர் ரிங் தேய்ந்தால் காற்று கசியும், உடனே மாத்தணும், மாற்று ரிங் டப்பாவிலேயே இருக்கு. இப்படி அவன் சொல்லிக்கொண்டே போனான். நான் தலையாட்டிக்கொண்டே கப்பலில் போய்க்கொண்டிருந்தேன். டீ கொண்டுவந்த குல்சார் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டீ ஆறியதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மாசம் ஓடியது. ஒருநாள் துப்பாக்கி 'ஸ்ஸ்ஸ்' என்று பெருமூச்சு விட ஆரம்பித்தது. ரிங் தேய்ந்துவிட்டது. சாயங்காலம் மாத்திக்கலாம் என்று தாள் குவியலில் சாய்ந்தேன். சத்தம் நின்றால் குரல் வருமே என்று ஒரு காதைத் திறந்தே வைத்திருந்தேன்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. யாரும் தொடாமலே கம்ப்ரஸர் 'தடதட' என்று ஓடியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. மறுபடி ஓடியது. கசிகிற காற்று டேங்கைக் காலி செய்யச் செய்ய, மோட்டார் தானாக எழுந்து நிரப்பிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப்பக்கம் முருகம்மாளிடம் குல்சார் சொல்வது கேட்டது. "மதியம்கூட ஒக்கார மாட்டேங்காக. கேக்கீகளா சத்தத்தை?"

அன்று ராத்திரி என் தட்டில் ஒரு மீன் கூடுதலாக விழுந்தது.

அந்தப் பழைய ரிங்கை நான் மாற்றவே இல்லை. ஊரில் எல்லோரும் மெஷின் ஓடுவதற்குப் பராமரிப்பார்கள். நான் கசிவைப் பராமரித்தேன். எண்ணெயை மறந்தேன். டேங்கில் தண்ணீர் தேங்கியது. காலையில் நான் அடிக்கிற கொஞ்சநஞ்ச ஆணியும் பாதியில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தது. மதியம் மட்டும் கப்பல் ஒழுங்காகப் புறப்பட்டது. கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் என் கனவில் சங்கு ஊதியது.

அந்த நேரம் பார்த்து லட்சுமிகாந்தம் அண்ணாச்சி போன் செய்தார். சிவகாசியில் பிரஸ் வைத்திருப்பவர். என் பெட்டிகளில் முக்கால்வாசி அவருக்குத்தான்.

"பாய், வர்ற வியாழக்கிழமை லோடு. பெட்டி ரெடியா?"

"ரெடியாயிக்கிட்டே இருக்கு அண்ணாச்சி."

"காலண்டர் சீசன் பாய். வியாழக்கிழமை பெட்டி வரலன்னா நான் வேற பட்டறை பாக்க வேண்டியதுதான். கோவிச்சுக்கப்பிடாது."

பட்டறையில் பெட்டியே இல்லை. அந்த ஆர்டர் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புகிற அவசரத்தில் கம்ப்ரஸரை அணைக்க மறந்துபோனேன். அங்கேதான் மாட்டினேன். தொழுதுவிட்டுத் தொப்பியோடு வீட்டுக்குள் நுழைகிறேன், குல்சார் வாசலில் நிற்கிறாள். முகத்தில் கோபம் இல்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"தொழுகைக்குப் போகலையா?"

"போயிட்டுத்தானே வர்றேன்."

"பட்டறையில வேலை நடந்துச்சே. வெள்ளிக்கிழமையும் அதுவுமா தொழுகையை விட்டுட்டு வேலை செய்றாகளேன்னு பதறிப்போயிட்டேன்."

வேலை செய்தேன் என்றால் தொழவில்லை என்றாகும். தொழுதேன் என்றால் சத்தத்துக்கு ஆள் வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அது... ஜின்னு வேலையா இருக்கும்."

"ஜின்னா?"

"நல்ல ஜின்னு புள்ள. கண்ணுக்குத் தெரியாம, நாம இல்லாத நேரத்துல வந்து ஒத்தாசை செய்யும். கேள்விப்பட்டதில்லையா?"

குல்சார் என்னையே பார்த்தாள். பிறகு, "அப்பிடியா. நம்மளப் பாத்து அதுக்கும் எரக்கம் வந்துருக்கு. கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்றாள். தப்பித்தோம் என்று நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் மதியம் வழக்கம்போலத் தூங்கி எழுந்தால், பட்டறை நடுவில் ஐந்தாறு பெட்டிகள் நிற்கின்றன. புத்தம் புதுசு. தடவிப் பார்த்தேன். ஒரு ஆணிகூடத் தலை தூக்கவில்லை. எல்லாம் பலகையோடு பலகையாக அடங்கியிருந்தன.

சத்தம் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் பிறந்து வளர்ந்தது சிவகாசிக்குப் பக்கத்தில் பட்டாசு செய்கிற விஸ்வநத்தம். அங்கே வருஷம் முழுக்க எங்கேயாவது ஒரு வெடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நான் தொட்டிலிலேயே அதற்குப் பழகியவன். ஆனால் அன்றைக்குக் கனவில் கடலுக்கு மேலே வாணம் வெடித்தது ஞாபகம் இருந்தது. டக் டக் என்று ஒவ்வொன்றாக, பச்சையும் சிவப்புமாக.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் பெட்டிகள். திங்கட்கிழமை அதற்கு மேல். என் பொய்யை நானே நம்ப ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டியின் மூடியில் மஞ்சள் விரல் தடம் பார்த்தேன். முகர்ந்தேன். மஞ்சள்பொடி, கூடவே மல்லிப்பொடி.

புதன்கிழமை தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். குல்சார் வந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். முதலில் குழாயைக் கழற்றினாள். துப்பாக்கியில் சிக்கிக் கிடந்த வளைந்த ஆணியைக் குறட்டால் உருவினாள். என்னுடைய பழைய ரிங்கை எடுத்துவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து புது ரிங்கை மாட்டினாள். காற்று வாயில் தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. மறுபடி குழாயை மாட்டிக் காது கொடுத்துக் கேட்டாள். கசிவு இல்லை. அப்புறம் முட்டி போட்டு உட்கார்ந்து டக், டக், டக் என்று நகர்ந்துகொண்டே போனாள். கூரை ஓட்டை வழியாக வந்த வெயிலில் மரத்தூள் அவளைச் சுற்றிப் பறந்தது. அவ்வளவு அழகாக இருந்தாள். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் ஆசையாக இருந்தது. பார்த்துக்கொண்டே நிஜமாகவே தூங்கிப்போனேன்.

எழுந்த பிறகு அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் தூங்கியதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் ஜின்னை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜின்னே தேவலை என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை லோடு போனது. சாயங்காலமே அண்ணாச்சி போன் செய்தார். "பாய், இந்தத் தடவை மாதிரிப் பெட்டி நீங்க அடிச்சதே இல்ல. அடுத்த ஆர்டரும் ஒங்களுக்குத்தான்." பட்டறை பிழைத்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். குல்சார் யோசனையோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ள?"

"அந்த ஜின்னு என் கனவுல வந்துச்சுங்க."

"என்ன சொல்லுச்சு?"

"பட்டறை மூலையில ஒரு ஆளு காலை நீட்டிப் படுத்துருக்காராம். பலகை தூக்கும்போது தடுக்குதாம். அந்த ஆளை அங்கன வரவேணாம்னு சொல்லச் சொல்லுச்சு."

"அப்ப நான் எங்கன போறது?"

"ஆணி எடுத்துக் குடுக்க அதுக்கு ஒரு ஆளு வேணுமாம். ஆம்பளைக ஆகாதாம். நான் அங்கன போயிட்டா இங்கன யாரு பாக்குறது?" என்று கரண்டியை என் கையில் கொடுத்தாள். "மீனை நல்லா மூணு தண்ணி அலசுங்க."

அப்படித்தான் நான் சுவருக்கு இந்தப்பக்கம் வந்தேன். இங்கே தாள் குவியல் கிடையாது. சாயலாம் என்றால் பால் பொங்கும். பருப்பு அடிப்பிடிக்கும். மதியம் சாப்பாடு முடிந்து அவள் பட்டறைக்குப் போனதும் கொஞ்ச நேரம் டக் டக் கேட்கும். அப்புறம் கம்ப்ரஸர் மட்டும் ஓடும், நிற்கும், ஓடும். சாயங்காலம் வரை விடாது. கேட்கக் கேட்க எனக்கு மனசு உருகியது. ஒரு பொம்பளை இந்த வெயிலில் விடாமல் உழைக்கிறாள், நாம் புளி கரைத்துக்கொண்டு நிற்கிறோமே என்று நிஜமாகவே வெட்கப்பட்டேன். முருகம்மாளிடம்கூடச் சொன்னேன். "மதியம்கூட ஒக்கார மாட்டேங்கா. கேக்கீகளா சத்தத்தை?"

முருகம்மாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒருநாள் மனசு கேட்காமல், இஞ்சி தட்டிப் போட்டு டீ எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்ற முடிவோடு போனேன். அன்றைய பெட்டிகள் மொத்தமும் முடிந்து வரிசையாக நின்றன. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. குல்சார் என் தாள் குவியலில், நான் சாய்கிற அதே பள்ளத்தில், கால் நீட்டிப் படுத்திருந்தாள். பக்கத்தில் துப்பாக்கி 'ஸ்ஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"குல்சார், ரிங்கு போயிருச்சு போல. காத்து கசியுது."

"போகல." கண்ணைத் திறக்காமலே முந்தானை முடிச்சைத் தட்டிக் காட்டினாள். "நல்லது இங்கன இருக்கு. வேலை முடிஞ்சதும் ஒங்க பழைய ரிங்கை மாட்டிருவேன்."

"எதுக்கு?"

"சத்தம் நின்னா நீங்க என்ன ஏதுன்னு கேட்டு வந்துருவீகளே."

நான் டீயோடு நின்றேன். கம்ப்ரஸர் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஊதிக்கொண்டு எழுந்தது. குல்சார் ஒருக்களித்துப் படுத்தாள்.

"டீயை அங்கன வச்சுட்டு, கதவைச் சாத்திட்டுப் போங்க. கப்பல் இப்பத்தான் கெளம்புது."