பற்றவைத்த டின்களோடு கடலுக்குப் போன கதை

அஜாக்கிரதையால் கெட்ட காரியங்களைவிட அளவுக்கு மீறிய ஜாக்கிரதையால் கெட்டவைதான் உலகத்தில் அதிகம். இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கல்யாணமான புதிதில், மலாயாவில் லிங்கி பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில், ஒரு லோரி நிறையப் பெண்களை உப்புக்கண்டமாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது தெரிந்துகொண்டேன்.

அவசரகாலம் அது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எங்கள் வீட்டுச் சோறு போய்விடக் கூடாதென்று, நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் கேட்டு மூடிவிடும். ரப்பர் பால் வெட்டப் போகும்போது மடியில் ஒரு பிடி அரிசி இருந்தாலும் வம்புதான். கடையில் சார்டின் டின் வாங்கினால் கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை விழுந்தது சீக்கிரம் கெட்டுவிடும், காட்டுக்கு அனுப்ப முடியாதல்லவா? (அன்றைக்கே சமைத்துத் தீர்க்க வேண்டும். சட்டத்துக்குப் பயந்து நான் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.)

போதாக்குறைக்கு அந்த வருஷம் மழையும் எங்களை மறந்துவிட்டது. கடலோரத் தோட்டம் என்று பேர். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. குழாயில் சாயங்காலம் ஒரு மணி நேரம் நூலாய் வரும். என் மாமியார் அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் அலசி, அதையே வாழைக்கு ஊற்றுவார். நான் முகம் கழுவும்போது பக்கத்தில் வந்து நிற்பார். ஒன்றும் சொல்லமாட்டார், நிற்பார். அதிலேயே எனக்கு முகம் கழுவியது போதும் என்று ஆகிவிடும்.

நான் லுக்குட் பக்கம் வளர்ந்தவள். கடலைப் பார்த்திருக்கிறேன். லயத்துப் பெண்களில் பாதிப் பேர் பார்த்ததில்லை. இத்தனைக்கும் லோரியில் போனால் ஒரு பாக்கு மென்று முடிப்பதற்குள் கடல் வந்துவிடும். வாய் சும்மா இருக்குமா? அலை, மணல், காற்று என்று அளந்துவிட்டேன். வேலி போட்ட நாளிலிருந்து ரப்பர் மரத்தைத் தவிர வேறொன்றும் பார்க்காத பெண்கள், எஸ்டேட் ஆபீஸ் கிராணியைப் பிடிக்க, கிராணி வெள்ளைக்கார மேனேஜர் தொரையைப் பிடிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு லோரி கிடைத்துவிட்டது. சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. ஏதாவது ஒரு புகார் வந்தாலும் இதுவே கடைசிப் பயணம் என்று தொரை சொல்லியனுப்பினார்.

மாமியார் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "கடல்ல முங்கிட்டு உப்ப எங்க கழுவுறது? குடிக்கவே தண்ணி இல்லலா."

அதற்கும் நானே வழி சொன்னேன். வீட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுக்கட்டும், டின்களில் ஊற்றிக்கொண்டு போகலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லயத்துத் தண்ணி. சிந்தாம பாத்துக்க" என்றார். அந்த வீட்டில் அவர் என்னிடம் ஒப்படைத்த முதல் பொறுப்பு அதுதான். அதில் தேறிவிட்டால் நிம்மதியாக முகம் கழுவலாம் என்பது என் கணக்கு.

என் வீட்டுக்காரருக்கு எஸ்டேட் பட்டறையில் வேலை. மண்ணெண்ணெய் டின்களைச் சுத்தமாகக் கழுவி, தண்ணீர் நிரப்பியதும், வாயில் துணி கட்டினால் போதும் என்றார். லோரி குலுங்கினால் சிந்துமே என்றேன். ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடச் சொன்னேன். புது மாப்பிள்ளை, மறுபேச்சு உண்டா? எல்லா டின்னையும் காற்றுகூடப் புகாமல் அடைத்துக் கொடுத்தார். இனிப் படுக்கவைத்தாலும் சிந்தாது என்ற தைரியத்தில், லோரியின் பின்பக்கம் படுக்கவைத்தே அடுக்கினேன். அங்கே போய் ஓட்டை போட்டுத் திறக்க ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டேன். எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.

கேட்டில் எங்களை இறக்கி, சோதனைக் கொட்டகைக்குள் அனுப்பினார்கள். ஒரு அம்மாள் எங்கள் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார். வெளியே ஒரு இளம் மலாய் போலீஸ்காரர் லோரியைச் சோதித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து ஏறினோம், கேட்டைத் தூக்கினார், புறப்பட்டோம்.

வழியெல்லாம் பாட்டுதான். பின்னால் பார்த்தால் செம்மண் சாலையில் கோடு போட்டதுபோல் ஈரம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாத்தீங்களா, இந்தப் பஞ்சத்துல யாரோ ரோட்டுல தண்ணிய ஊத்திக்கிட்டே போயிருக்கான். பொறுப்பில்லாத ஜென்மம்" என்றேன். எல்லாரும் என்னோடு சேர்ந்து அந்த ஜென்மத்தைத் திட்டினார்கள்.

கடலைப் பார்த்ததும் பாட்டு நின்றுபோனது. கையைக் கோத்துக்கொண்டு கணுக்கால் அளவுக்கு இறங்கியவர்கள், முதல் அலை அடித்ததும் கத்தி, அப்புறம் சிரித்து, அப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. என் மாமியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போய், கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்தார். அளந்து கொடுக்கவேண்டாத தண்ணீரில் அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெயில் ஏறியும் வெளியே வரவில்லை. அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

கரையேறிய பிறகு, சுத்தியலும் கையுமாகப் போய் முதல் டின்னைத் தூக்கினேன். வெறும் டின்னாக வந்தது. அடுத்ததும் அப்படியே. ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை, அழகாக, கீழோரத்தில். மூடிய டின் எதுவும் ஓட்டை போடாமல் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது உத்தரவு. பாவம் அந்தப் போலீஸ்காரர், கடமையைச் செய்திருக்கிறார். சார்டின் தின்று ஏப்பம் விட்ட எனக்குத்தான் புத்தி போகவில்லை. ஒரே ஒரு டின்னில் மட்டும் ஓட்டை மேல்பக்கமாக விழுந்து, தண்ணீர் தங்கியிருந்தது. மாமியார் அதை வாங்கி, ஆளுக்கு இரண்டு மடக்கு குடிக்கக் கொடுத்தார். நான் கடலிலேயே போய்விடலாமா என்று பார்த்தேன்.

திரும்பி வந்தபோது குழாய் நின்றுபோயிருந்தது. வீட்டுத் தண்ணீரைத்தான் ரோட்டுக்கு வார்த்தாயிற்றே. உப்போடு படுத்து, உப்போடு எழுந்து, மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போய் நின்றோம். பேர் கூப்பிடக் கூப்பிட வரிசை முழுக்கச் சொறிகிறது. தொரை பயந்துவிட்டார். தொற்று நோய் என்று நினைத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரைக் கூப்பிட்டனுப்பினார். அவரும் தூரத்திலேயே நின்று, சொறிதான் என்று தீர்ப்புச் சொன்னார். கடலால்தான் வந்தது, இனிமேல் லோரி கிடையாது என்று கிராணி அறிவிக்க வாயெடுத்தார்.

என் மாமியார் வரிசையை விட்டு வெளியே வந்து, தொரைக்கு முன்னால் கையை நீட்டினார்.

"நோயில்ல தொரை, உப்பு. சந்தேகமா இருந்தா நக்கிப் பாருங்க."

கிராணிக்கு வியர்த்துவிட்டது. தயவுசெய்து பரிசோதிக்குமாறு அந்தப் பெண் வேண்டிக்கொள்கிறாள் என்று இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். தொரை தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர் என்பது அந்த நேரத்தில் கிராணிக்கு மறந்துபோய்விட்டது. தொரை முகம் சிவந்து, டிரெசர் பக்கம் திரும்பி, "நீ பாரு" என்றார். டிரெசர் மாமியாரின் முழங்கையில் விரலைத் தேய்த்து, நாக்கில் வைத்து, "உப்புதான் சார்" என்றார். தொரை வாய்விட்டுச் சிரித்தார்.

ஏன் கழுவவில்லை என்று கேட்டார். மாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை. "கொண்டுபோன டின்ன எல்லாம் உங்க கேட்டுல குத்திட்டாங்க தொரை" என்றார். பற்றவைக்கச் சொன்னது யார் என்று சொல்லவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவர் எனக்கு மாமியார் இல்லை, அம்மா.

அடுத்த மாதமும் லோரி வந்தது, திறந்த பீப்பாயோடு. தண்ணீருக்கு யார் பொறுப்பு என்று பேச்சு வந்தபோது, "எம் மருமவதான், வேற யாரு" என்றார்.

வேலி போய், தோட்டத்தை விட்டு நாங்கள் சிரம்பான் டவுனுக்குக் குடிவந்து, மாமியாருக்கு ரத்தக் கொதிப்பும் வந்தது. உப்பையே தொடக் கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தார். ஒருநாள் கொதிப்பு ஏறியிருப்பதைப் பார்த்து, திருட்டுத்தனமாக உப்புச் சேர்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். படுக்கையில் இருந்தபடியே கையை நீட்டினார் மாமியார்.

"சந்தேகமா இருந்தா நக்கிப் பாருங்க டாக்டர்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சிரித்தோம். மாமியார் போய் வெகு காலமாகிவிட்டது. இன்றும் எங்கள் வீட்டில் ஒருவர் பேச்சை ஒருவர் நம்பாவிட்டால், வாதாடுவதில்லை. கையை நீட்டிவிடுகிறோம்.