கயிற்றுக் காக்கா அலாஸ்காவில் ஆட்களைக் காப்பாற்றிய கதை

உதவி கேட்காத ஆட்களைக் காப்பாற்றியே ஒரு மனிதர் தன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டார் என்றால், அது எங்கள் கடற்கரை ஊரான சாய்ந்தமருதின் கயிற்றுக் காக்கா ஒருவர்தான். என் பிழைப்பையும் கெடுக்கப் பார்த்தார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறாமலேதான் எழுதுகிறேன்.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்; அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. தோளில் எப்போதும் ஒரு சுருள் கயிறு. கடலுக்குப் போனாலும் கயிறு, சந்தைக்குப் போனாலும் கயிறு. கலியாண வீட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் சாப்பிடக் குந்தினால், ஏழாவது ஆளாகக் கயிறும் குந்தும். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்.

"ஆருக்காச்சும் தேவப்படும்."

கோமாரிப் பக்கம் ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பொடியன் பலகையில் குப்புறக் கிடந்து, பெரிய அலைக்குக் காத்துக்கொண்டிருந்தான். அது அவர்களுடைய விளையாட்டு. காக்கா தோணியில் இருந்து பார்த்தார். மையித்து, அதாவது பிணம், மிதக்கிறது என்று முடிவு செய்தார். காலில் சுருக்குப் போட்டு இழுத்தார். மையித்து எழும்பி ஏசியது. காக்கா விடவில்லை. கரையில் கிடத்தி, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்த்தார். தண்ணீர் வரவில்லை. காலையில் தின்ற பாண்தான் வந்தது.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் என் மனைவி கப்பலுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள்.

நான் அப்போது ஒரு சின்னக் கப்பலில் மேல்தட்டு வேலை செய்தேன். அலாஸ்காவில் பனிமலைகளுக்கு நடுவே ஓடும் கப்பல். கடல் தெரிந்த ஒரு ஆள் வேண்டும், றப்பர் படகு ஓட்ட, என்று கப்டன் கேட்டார்.

"கயித்துக் காக்காவக் கூட்டிக்கிட்டுப் போங்க," என்றாள் மனைவி. "ஊருக்கெல்லாம் ஓடித் திரியிற மனிசன். அவருக்கெண்டு ஓட ஆரு இரிக்கா?"

இரங்கிவிட்டேன். அவருக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். விமான நிலையத்தில் அவருடைய பையைத் திறந்தார்கள். கொஞ்சம் உடுப்பு. மிச்சம் கயிறு. அப்போதே நான் திரும்பி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

அது ஆடம்பரக் கப்பல் இல்லை. பெரிய கப்பல் நுழைய முடியாத ஒடுக்கமான கடல்வாய்களுக்குள் நுழையும். கஷ்டப்படுவதற்கென்றே ஆட்கள் காசு கட்டி வருவார்கள். மழையில் நனைவார்கள். சேற்றில் நடப்பார்கள். தாங்களே துடுப்புப் போடுவார்கள். இதைத்தான் காக்காவால் தாங்க முடியவில்லை.

"விருந்தாளி எண்டு செல்றாங்க, மறுகா துடுப்பக் கையில குடுக்கிறாங்க. ஊட்டுக்கு வந்தவனுக்குக் கை கழுவத் தண்ணியே நாமதானே ஊத்துற? இது என்ன மரியாத?"

"அவங்க ஆசப்பட்டு வாறாங்க காக்கா."

"ஆச வேற. மரியாத வேற."

முதல் தடவை பனிமலைக்கு முன்னால் கப்பல் நின்றது. ஓடிவந்த ஆறு அப்படியே உறைந்து கடலோரம் நின்றுவிட்டது போல் இருக்கும். நீல நிறம். அதில் இருந்து பள்ளிவாசல் அளவு துண்டு ஒன்று முறிந்து கடலில் விழுந்தது. இடிச் சத்தம். விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

காக்காவின் முகம் கறுத்தது. "என்னத்துக்குடா கை தட்டுறாங்க?"

"வடிவா இரிக்காம்."

"நம்மட ஊருப் பக்கம் ஒலுவில்ல கரை இடிஞ்சு தென்ன மரம் விழக்க ஒருத்தனாச்சும் கை தட்டினானா? கேளுடா அவங்களுட்ட."

நான் கேட்கவில்லை. அவரே போய் அவர்களுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து முறைத்துக்கொண்டு நின்றார். அவர்கள் அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது குளிர்நீர்ப் பாய்ச்சல். கடலில் பனிக்கட்டி மிதக்கும்போதே விருந்தாளிகள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கப்பலில் இருந்து பாய்வார்கள். ஒரு நிமிடம் அலறிவிட்டு ஏறிவிடுவார்கள். கயிற்றைப் பிடிப்பது எங்கள் வேலை. அன்று ஒரு வயதான அம்மா வந்தார். இந்தப் பாய்ச்சலுக்காகவே கடல் கடந்து வந்தவர். கயிறு காக்காவின் கையில்.

அந்த அம்மா பாய்ந்தார். காக்கா இழுத்தார்.

அம்மா தண்ணீரைத் தொடவே இல்லை. கப்பலுக்கும் கடலுக்கும் நடுவில், உறியில் வைத்த சட்டி மாதிரி ஆடிக்கொண்டிருந்தார். விடு, விடு என்று கத்தினார்.

"விட ஏலா உம்மா," என்றார் காக்கா, தமிழில். "ஒங்கட புள்ளையளுக்கு ஆரு பதில் செல்ற?"

கப்டன் என்னைக் கூப்பிட்டார். நல்ல பெண். குரலை உயர்த்தமாட்டார். இன்னொரு முறைப்பாடு வந்தால் அவரை இறக்கிவிடுவேன், பொறுப்பு நின்ற உன்னையும் இறக்கிவிடுவேன் என்று மெல்லச் சொன்னார். அந்த வேலைக்கு நான் எத்தனை பேரின் காலைப் பிடித்திருப்பேன்?

காக்காவிடம் வந்து கத்தினேன். "இனி ஆரையும் காப்பாத்தப்படாது! ஆரு செத்தாலும் பரவாயில்ல!"

"சரி மனே," என்றார். தேநீரை ஊதிக் குடித்தார்.

கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தார். பிறகு அந்தப் புதுத் தம்பதி வந்தார்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் ஒருவன் துடுப்பில் உடுத்த சாரனைக் கட்டி உயர்த்தினால் அவனுக்கு ஆபத்து என்று அர்த்தம். கண்டவன் வலையை வெட்டிவிட்டாவது போக வேண்டும். பகையாளி என்றாலும் போக வேண்டும். இது அந்தத் தம்பதிக்குத் தெரியாது. இருவர் குந்தும் சின்ன ஓடம் ஒன்றில் பனிமலைக்கு முன்னால் போய் நின்றார்கள். கப்பலின் படக்காரர் இன்னொரு ஓடத்தில் தயாராக இருந்தார். மாப்பிள்ளை சிவப்புச் சட்டையைத் துடுப்பில் கட்டி, கொடி மாதிரி உயர்த்தினான். பெண் முத்தம் கொடுக்கச் சாய்ந்தாள்.

காக்காவின் றப்பர் படகு எஞ்சின் உறுமியது.

நான் மேல்தட்டில் நின்று பார்த்தேன். ஒன்றும் செய்ய முடியவில்லை. ஓடத்தின் மூக்கில் சுருக்கு விழுந்தது. ஓடம் பறந்தது. அந்த இருவரும் கத்தினார்கள். காக்கா திரும்பிப் பார்த்து, பயப்பட வேண்டாம் என்று கை காட்டினார்.

"குளிருல புத்தி மாறிட்டு, பாவம்," என்றார் கப்பலுக்கு வந்ததும். "கெதியாத் தேத்தண்ணி குடு."

படம் நன்றாக விழுந்திருந்தது. இரண்டு முதுகு. நடுவில் கயிறு.

கப்டன் அறையில் நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. காக்காவுக்கு ஆங்கிலம் பத்துச் சொல்தான்.

"நான் சொல்லாமல் இனி யாரையும் இழுக்கக் கூடாது," என்றார் கப்டன். "பனிக்கட்டிக்குள் இழுத்தால் ஓடம் கவிழும். வீணாக ஒரு பக்கம் ஓடினால், உண்மையான ஆபத்துக்குப் படகு இருக்காது. சரி என்று ஒரு சொல் சொல்லட்டும். வேலையில் இருக்கலாம். நீயும் இருக்கலாம்."

நியாயமான பேச்சு. அப்படியே சொன்னேன்.

"அவ செல்றது சரிதான்," என்றார் காக்கா. "என்னால ஏலா."

"ஏன் ஏலா?"

"துடுப்புல துணியக் கட்டித் தூக்கினா போகத்தான் வேணும். உனக்குத் தெரியாதா?"

"அது நம்மட ஊருல. இது போட்டோவுக்குத் தூக்கினது."

"போட்டோவுக்கா உசிருக்கா எண்டு தூரத்துல இரிந்து எப்பிடித் தெரியும்? கேட்டுட்டா போற?"

"வாயால ஓம் எண்டு செல்லுங்க காக்கா. மறுகா பாப்பம். எனக்குப் புள்ளையள் இரிக்கி."

"ஓம் எண்டு செல்லிட்டுப் போனா அது பொய். போகாம இரிந்தா..." தோளில் கிடந்த கயிற்றைச் சரிசெய்தார்.

நான் கப்டனிடம் திரும்பினேன். "ஓகே என்கிறார்," என்றேன்.

கப்டன் முகம் தெளிந்தது. ஆனால் அந்தப் பத்துச் சொல்லில் ஓகேயும் ஒன்று. காக்கா தலையை ஆட்டினார்.

"நோ ஓகே."

கப்டன் என்னைப் பார்த்தார். எனக்கும் பெட்டி கட்டும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். காக்கா என் தோளைத் தொட்டார்.

"ஹீ குட். மீ கோ."

அவரிடம் இருந்த ஆங்கிலம் அத்தோடு முடிந்தது. கப்டன் என்னை வேலைக்குப் போகச் சொன்னார்.

அடுத்த துறையில் அவரை இறக்கினார்கள். மழை. நான் அவரோடு கதைக்கவில்லை. ஒரு சொல் சொல்லத் தெரியாத மனிதரோடு என்ன கதை?

"சோத்த நேரத்துக்குத் தின்னு," என்றார். இறங்கினார். எங்கள் கப்பலைக் கட்டியிருந்த கயிறு இறுக்கமா என்று காலால் ஒருதரம் மிதித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

பருவம் முடிந்து ஊருக்கு வந்தேன். கடற்கரையில் எல்லாருக்கும் முன்னால் அவரை ஏசினேன். "அலாஸ்கா வரைக்கும் போய் ஒரு ஓம் செல்லத் தெரியாத மனிசன்!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிளேன்டி குடிக்கிறியா என்று கேட்டார். குடித்தேன். கோபத்தோடுதான் குடித்தேன்.

லீவில் நிற்கும்போது நானும் சின்னத் தோணியில் மீனுக்குப் போவேன். போகும் முன் அவர் வீட்டு வாசலில் நின்று ஒரு பாட்டம் ஏசுவேன். ஏசி முடிந்ததும், இன்றைக்கு எந்தப் பக்கம் வலை போடப் போகிறேன் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் தோணியைத் தள்ளுவேன்.