கையோடு வந்த காப்பு

டிங்... டிங்... வெள்ளியைத் தட்டும் சத்தம் எந்தத் தெருவில் கேட்டாலும் என் வலது மணிக்கட்டு தானாகச் சுருங்கிக்கொள்கிறது. மூளை மறந்த அவமானங்களை எலும்பு பத்திரமாக வைத்திருக்கும்போல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கோயமுத்தூர் மில் பட்டறை ஒன்றில் புதுப் பட்டதாரி. கம்பிகளில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு, கம்பி நீள நீள உலோகம் எப்படி இறுகுகிறது என்று வளைகோடு வரைந்து, அதற்குச் சூத்திரமும் கட்டியிருந்தேன். செங்குத்தாகக் கிளம்பி, பிறகு மலைச்சரிவுபோல மெல்ல மெல்ல ஏறும் கோடு. அதைவிட அழகு உலகில் இல்லை என்றிருந்தேன், பல்லடத்துக்குப் பெண் பார்க்கப் போகும் வரை.

காபியை வைத்துவிட்டு ருக்மணி நிமிர்ந்தாள். என் கோடு மறந்தே போயிற்று. என் வேலை என்னவென்று கேட்டிருந்த அவள் அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

"கம்பிய இழுத்துப் பாக்கறதுக்கா தம்பி இத்தன படிச்சீங்க?"

சம்பந்தம் நழுவுவது காதில் கேட்டது. விடுவேனா? அவர் கையிலிருந்த, வாய் திறந்த வெள்ளிக் காப்பைக் கேட்டு வாங்கினேன். விரித்தேன், வளைத்தேன், மறுபடி விரித்தேன்.

"பாருங்க, வளைக்க வளைக்கக் கெட்டிப்படுதுங்க. இன்னுங் கொஞ்சத்துல இரும்பாட்டம் நிக்கும்!"

கடைசி வளைப்புக்குக் காப்பை என் கையிலேயே மாட்டி, தூணில் வைத்து அழுத்தினேன்.

இரும்பாட்டமே நின்றது. விளக்கெண்ணெய் வந்தது, சவுக்காரம் வந்தது, அவள் அண்ணன்மார் வந்தார்கள். காப்பு மட்டும் வரவில்லை. அரத்தை எடுத்தவரை அவள் அப்பா தடுத்தார். அது அவருடைய அப்பாரு, அப்பாவைப் பெற்ற தாத்தா, போட்டிருந்த காப்பு.

"மறுக்கா எளக வழியில்லீங்களா?" என்று என்னிடமே கேட்டார்.

"இருக்குங்க. நெருப்புல செவக்கக் காட்டோணும்."

"கையோடயா?" என்று அலறினாள் கூட வந்திருந்த என் அம்மா.

கதவோரத்திலிருந்து ருக்மணியின் குரல்: "ஏனுங்க, இறுகும்னு தெரிஞ்சேதான் கைல போட்டீங்களா?"

"தெரிஞ்சேதானுங்க," நெஞ்சை நிமிர்த்தினேன். "கணக்கு துளி தப்பல பாருங்க!"

வீடே சிரித்தது. வீங்கிய கையோடு நானும் சிரித்தேன், பெருமையாகத்தான். கல்லும் கம்பியும் இல்லாமல், ஒரு வீடே சாட்சியாக என் கோடு மெய்யான நாள் அல்லவா! (இன்றும் நான் எதையாவது விளக்க வாய் திறந்தால், என் மகள் முதலில் வளையல்களைக் கழற்றி ஒளித்துவைக்கிறாள்.)

வண்டியேறும்போது முனகினேன்: "எப்படியாச்சும் கழட்டி, நாளைக்கே கொண்டாந்து குடுத்தர்றேனுங்க."

அவள் அப்பா என் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழட்ட வேண்டாங்க. ஆனா எங்கப்பாரு காப்பு இந்த ஊட்ட உட்டு வெளிய போகக் கூடாது. நாள் பாக்கச் சொல்றேன், போயிட்டு வாங்க மாப்ளே."