எந்தப் பக்கம் சாயும் ரம்பம்?

"இடது பக்கம் சாயறதா, வலது பக்கம் சாயறதா?" என்று தச்சர் மறுபடியும் கேட்டபோது கடைக்காரர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

மேஜை நடுவே வட்ட ரம்பம் சுழலும் மிஷின் அது. சாய்வாக அறுக்க வேண்டுமானால் ரம்பம் ஒரு பக்கம் சாயும். எந்தப் பக்கம் சாயலாம் என்பதுதான் தச்சரின் தூக்கத்தைக் கெடுத்தது.

"இடதே எடுங்களேன்" என்றாள் கூட வந்திருந்த மனைவி. "எனக்கென்ன தெரியும், சும்மா சொல்றேன்."

வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. விருந்தாளிகள் மரத்தூளில்தான் உட்கார வேண்டும். "பட்டறையைப் பின்பக்கம் கொண்டுபோங்க" என்று மனைவி கெஞ்சியபோதெல்லாம், "என் பொணம்தான் இங்கேருந்து நகரும்" என்பதே அவருடைய அன்பான பதில். அப்படிப்பட்டவள் தன் சேமிப்பில் மிஷின் வாங்கித் தருகிறாள். ஒருவழியாக அவளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவர் பூரித்துப்போனார்.

இடது பக்கம் சாயும் மிஷின் வந்தது. ரம்பத்தைச் சாய்க்கும் கைச்சக்கரம் வலப்புறம் இருந்தது. அங்கே சுவர். ஒரு சுற்றிலேயே விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது.

"அப்போ வலது பக்கம் சாயறதுதான் சரியோ?" என்றாள் மனைவி, மருந்து தடவிக்கொண்டே.

கடையில் கொடுத்து மாற்றினார். இதில் சக்கரம் இடப்புறம், கை தப்பியது. ஆனால் சாய்ந்த ரம்பத்துக்கும் பலகைக்கு அணைவாக நிற்கும் பக்கக் கட்டைக்கும் இடையே மாட்டிய மரத்துண்டு சீறிக் கிளம்பி, அவருக்குப் பின்னால் தொங்கிய கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை மூஞ்சியை மட்டும் பதம் பார்த்தது.

"நல்லவேளை, உங்க மேல படல! பழையபடி இடதையே வாங்கி, அறைக்கு நடுவுல போட்டா சுவர் இடிக்காதில்ல?"

கடைக்காரர் கும்பிடு போட்டு மாற்றிக் கொடுத்தார். நடுவில் போட்டதும், நீளப் பலகை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய் எதிர்வீட்டுக்காரரின் ஸ்கூட்டரைக் குப்புறத் தள்ளியது. எதிர்வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். தெருவே காதைப் பொத்திக்கொண்டது.

தச்சர் பொங்கிவிட்டார். "தப்பு மிஷின்ல இல்லடி, இந்த அறையிலதான்! பின்பக்கம் கொட்டகை போடப் போறேன். நீ குறுக்க பேசாதே!"

"ஐயோ, அவ்வளவு தூரமா?" மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, நீங்க முடிவெடுத்தா நான் மறுக்கவா முடியும்?"

கொட்டகை கிடுகிடுவென எழும்பியது. தான் பிடித்த பிடியில் நின்று ஜெயித்த மிதப்பில் தச்சர் மிஷினைத் தள்ளிக்கொண்டு போனார். கூட்டித் துடைத்த முன்னறையில் மனைவி நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். கொட்டகை கட்டிய கொத்தனாருக்குக் கையாளாக நின்ற அவர் மனைவி, கை கழுவ வந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, மிஷின் வாங்கறதுக்கு முன்னாடியே நீங்க சொல்லிவச்ச அளவுலேயே கொட்டகையை முடிச்சாச்சு. எங்க வீட்டுக்காரரும் நடுவீட்டுலதான் பைக்கைப் பிரிச்சுப் போடறாரு, அவருக்கு என்ன மிஷின் வாங்கித் தரலாம்?"